குப்பைத் தொட்டித் தக்காளி வழக்கு

1

இந்த ஊரில் தக்காளி பழுத்தால் குப்பைக்குப் போய்விடும். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த எளிய உண்மை எனக்குத் தெரியாமல் இருந்தது. கடையில் அடுக்கியிருக்கும் தக்காளிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கெட்டி. நான் வேலை பார்க்கும் மிஷின் ஷாப்பில் லேத்திலிருந்து இறங்கும் உருப்படிகளுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கள் உருப்படிகளில் கொஞ்சம் எண்ணெய் வாசனையாவது இருக்கும். அந்தத் தக்காளியைக் கையால் பிசையக்கூட முடியாது, பிறகு எங்கே ரசம் வைப்பது? ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் பிறந்தவன் ரசத்துக்கு டின் தக்காளி வாங்குகிறான் என்ற ரகசியத்தை ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சிரியுங்கள்.

போன வருடம் குளிர் முடிகிற நேரத்தில் எங்கள் வீட்டு ரசம் திடீரென்று ருசிக்க ஆரம்பித்தது. மனைவி சரளாவைப் பாராட்டினேன். நான் பாராட்டுவது அபூர்வம் என்பதால் அவளும் காரணத்தை ஆராயாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். தக்காளியைக் கொண்டுவந்தது மகள் மீரா. பதினாறு வயது. எங்கிருந்து கொண்டுவருகிறாள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அது என் வழியில் வந்த குணம் இல்லை. வெளியே பனி உருகிக்கொண்டிருக்கும்போது யார் வீட்டுத் தோட்டத்தில் தக்காளி இப்படிப் பழுக்கும் என்று ஒரு விவசாயி மகன் யோசித்திருக்க வேண்டும். விவசாயி மகன் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.

பிறகு போலீஸிலிருந்து கடிதம் வந்தது. இந்த மொழியில் கெட்ட செய்தி எப்போதும் நீளமான சொல்லில்தான் வரும். அன்று வந்த சொல் ஒரு வரியை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. அகராதியை வைத்து உடைத்துப் பார்த்தால் ‘கடுமையான வகைத் திருட்டு’ என்று வந்தது. பேங்கா, நகைக்கடையா என்று ஓடியது புத்தி. கீழே, திருடப்பட்ட பொருட்கள்: தக்காளி, ரொட்டி, தயிர், வெள்ளரிக்காய். கடையின் பூட்டிய முற்றத்துச் சுவரைத் தாண்டி எடுத்ததால் கடுமையானதாம்.

சரளாவின் ஊர் பாகலூர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். கோபத்துக்கு அவள் வைத்திருப்பது தெலுங்கு. அரைமணி நேரம் வீட்டில் தெலுங்கு இடித்தது. மீரா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அது குப்பை. கடைக்காரங்க வேண்டாம்னு போட்டது. நீ சொல்லு, அத எடுத்தா திருட்டா?”

ஜெர்மன் மொழியில் அப்பாவையும் நாயையும் ஒரே ‘நீ’ போட்டுக் கூப்பிடலாம். அந்தச் சலுகையைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சரி என்று விட்டாயிற்று.

கடை மூடிய சனிக்கிழமை மாலைகளில் சைக்கிளில் போய்ச் சுவர் ஏறியிருக்கிறாள். எடுத்ததை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நிறுத்தியிருக்கும் பொது ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். மிகவும் பழுத்துவிட்டது என்று அங்கேயும் யாரும் தொடாததுதான் எங்கள் வீட்டு ரசத்துக்கு வந்தது. அதாவது, குப்பையும் வேண்டாம் என்று தள்ளியதை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

2

சிறுவர்களின் வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்து விளக்கினார். எடுத்ததை மீரா ஒப்புக்கொண்டு, அதில் நீதிபதிக்கும் திருப்தி ஏற்பட்டால் ஏதாவது சமூக வேலை கொடுத்து வழக்கை முடித்துவிடுவார்கள், தீர்ப்பு என்று எதுவும் எழுதப்படாது. திருப்தி ஏற்படாவிட்டால் தீர்ப்பு, பதிவு எல்லாம் உண்டு. மீராவுக்குக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை. அங்கே சேர நன்னடத்தைச் சான்று வேண்டும்.

அந்த அம்மா படி இறங்குவதற்குள் நான் மீராவிடம் ஆரம்பித்துவிட்டேன். “தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

“எடுத்தேன்னு சொல்றேன். தப்புன்னு நான் நம்பல. நம்பாதத எப்படிச் சொல்றது?”

“நம்ப வேண்டாம்மா. சும்மா சொன்னாப் போதும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வா என்றால் நூல் பந்தை எடுத்து வரும் ஆளைப் பார்க்கிற பார்வை.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நான் வளர்ந்தது மாநில எல்லையில். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது, சட்டம் என்பது ரோட்டின் மேல் கிடக்கும் ஒரு கோடு என்று தினமும் பார்த்துப் பழகிவிட்டேன். ஜூஜூவாடி தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போய் ஒருவர் பாட்டில் வாங்கினால் அவர் கௌரவமான வாடிக்கையாளர். அதே பாட்டிலோடு திரும்பிச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடத்தல்காரர். பாட்டில் மாறவில்லை, ஆள் மாறவில்லை, உள்ளே இருக்கும் சரக்கும் மாறவில்லை. முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட் எந்தப் பக்கத்துப் போலீஸ் நிற்கிறது என்று பார்த்துத் தலைக்கு ஏறும். இந்தப் பள்ளியில் படித்தவனுக்குச் சட்டத்திடம் பயம் உண்டு. மரியாதை என்பது வேறு சமாச்சாரம், அது பாடத்திட்டத்தில் இல்லை.

தக்காளி விஷயத்தில் அந்தக் கோடு எனக்கு இன்னும் வேடிக்கையாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் தக்காளியைக் கொட்டினால் குற்றம். இங்கே கொட்டியதை எடுத்தால் குற்றம்.

3

கொட்டிய கதையைச் சொல்ல வேண்டும். முனிராஜ் சித்தப்பா கொட்டினார். என் அப்பாவின் தம்பி.

அந்த வருடம் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடத் தக்காளி ஆகவில்லை. சித்தப்பா டிராக்டரில் ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோனார். வாங்க ஆள் இல்லை. திரும்பி வரும் வழியில், ரோட்டுத் திருப்பத்தில், டிராக்டரை நிறுத்தி எல்லாவற்றையும் நடு ரோட்டில் சாய்த்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் சாய்த்தார்கள்.

நான் முதல் ஷிஃப்ட் முடித்து ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ் நகரவில்லை. இறங்கி முன்னால் நடந்து போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெயில் சாயும் நேரம். மேலே கோட்டை மலை, கீழே கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு. ரோடு பழுத்துக் கிடந்த மாதிரி இருந்தது. அத்தனை செடி, அத்தனை தண்ணீர், அத்தனை பேருடைய இடுப்பு வலி, எல்லாம் தரையில். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா குனிந்து முந்தானையில் எடுக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் எடுத்தோம். பஸ் கண்டக்டர் டிக்கெட் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் டிக்கெட்டெல்லாம் சிவப்பாக இருந்திருக்கும். யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் திருப்பத்தில் அன்வர் வந்தார். மண்டியில் பெட்டி தூக்கும் ஆள், கிருஷ்ணகிரிக்காரர். டிவிஎஸ் வண்டி தக்காளியில் சறுக்கி, விழுந்து, வலது கை ஒடிந்தது.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். ரோட்டை மறித்ததற்கு வழக்குப் போடுவதாகச் சொன்னார். மண்டிக்காரர்கள் பேசி, நாங்களே தீர்த்துக்கொள்கிறோம் என்று அவகாசம் வாங்கினார்கள். மறுநாள் காலை மண்டிக் கொட்டகையில் கூடினார்கள். சித்தப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

“ரோட்ல கொட்டுனது தப்புன்னு நான் சொல்லமாட்டன். நாலு பேரு பாக்கட்டும்னுதான் கொட்டுனேன். அன்வர் பாய் கை ஒடிஞ்சது தப்பு. அதுக்கு என்னா சொல்றீங்களோ செய்றன்.”

எங்கள் மண்டியில் ஒரு முறை உண்டு. அடிபட்டவர்தான் தண்டனையைச் சொல்ல வேண்டும். அன்வர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கை கூடுற வரைக்கும் எம் பொட்டிய நீ தூக்கு, முனிராஜு. கூலி எனக்கு” என்றார்.

சித்தப்பா தூக்கினார். சொந்த நிலத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் மனுஷன், தலையில் சும்மாடு வைத்து, தினமும் விடிந்ததும் மண்டிக்கு வந்து பெட்டி சுமந்தார். அன்வர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். “மொதலாளி, அலுங்காம எறக்கு. ரோடுன்னு நெனச்சிகினு கொட்டிறாத” என்பார். மண்டியே சிரிக்கும். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போவார். கோபமில்லாமல், குனியாமல், ஒரு மனுஷனால் தண்டனையைத் தலையில் சுமக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. தூரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உதவிக்கு ஒரு பெட்டி தூக்கினேனா என்று கேட்காதீர்கள். எனக்கு ஷிஃப்ட் இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று அன்வர் எல்லோர் முன்னாலும் சித்தப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதுவும் அந்த முறையில் சேர்த்தி. தண்டனை முடிந்ததும் அடிபட்டவர் டீ வாங்கித் தர வேண்டும், மற்றவர் குடிக்க வேண்டும். டீ குடித்தாயிற்று என்றால் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பவன் எவனோ, அவன்தான் குற்றவாளி. சித்தப்பா கொட்டியது சரியா தப்பா என்பது கடைசிவரை தீரவில்லை. அதைத் தீர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மீராவிடம் இந்தக் கதையை நான் சொன்னதே கிடையாது. ஊர்க்கதை ஆரம்பித்தால் அவள் காதில் வயரை மாட்டிக்கொள்வாள்.

4

நீதிமன்றம் என்றதும் உயரமான மேடையும் சுத்தியலும் எதிர்பார்த்தேன். பள்ளிக்கூட ஆசிரியர் அறை மாதிரி ஒரு அறை. நீதிபதி ஒரு பெண், கட்டையாக வெட்டிய நரைமுடி. அலமாரியில் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவருடைய சைக்கிள் ஹெல்மெட். எங்கள் ஊரில் முழங்கையில் இருக்கும் பொருள் இங்கே அலமாரியில் இருக்கிறதே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ஒரு பக்கம் அரசு வழக்கறிஞர், இளைஞர். நாங்கள் மூன்று பேர். அவ்வளவுதான்.

மீரா எடுத்ததை ஒப்புக்கொண்டாள். எத்தனை தடவை, எந்தச் சுவர், எல்லாம் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். எனக்கு வியர்த்தது.

பிறகு நீதிபதி என் பக்கம் திரும்பி, தந்தை ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். இந்த ஊர்ச் சட்டத்தில் பெற்றோருக்கும் பேச உரிமை இருக்கிறது. நான் இரண்டு வாரமாக பஸ்ஸில் மனப்பாடம் செய்த மன்னிப்பு இருந்தது. எழுந்தேன். மன்னிப்பு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. ஞாபகத்தில் நின்றது தக்காளி மட்டும். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், எங்கள் ஊரில் தக்காளியை ரோட்டில் கொட்டுவோம், எடுப்பவரைத் திருடர் என்று சொல்ல மாட்டோம், மேலும் பழுத்த தக்காளி ஒரு வகை சூப்புக்கு மிகவும் நல்லது, அந்த சூப் மிகவும் நன்றாக இருந்தது என்று சொல்லி முடித்தேன்.

“நீங்களும் சாப்பிட்டீர்களா?” என்றார் நீதிபதி.

“இரண்டு கரண்டி” என்றேன். சரளா தலையில் கை வைத்தாள். அரசு வழக்கறிஞர் கூரையில் எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். மகளைக் காப்பாற்றப் போய் இரண்டாம் குற்றவாளியாகச் சேர்ந்த தகப்பன் அந்த அறைக்கு நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார். கடை கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒன்றைப் படித்தார். கடைசி முறை மீரா சுவர் ஏறும்போது பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி விழுந்து உடைந்திருக்கிறது. திங்கட்கிழமை முற்றத்தைப் பெருக்கிய கடை ஊழியருக்கு அந்தக் கண்ணாடி விரலை ஆழமாகக் கிழித்து, தையல் போட்டிருக்கிறார்கள்.

மீராவுக்கு இது தெரியாது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“தக்காளி எடுத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவர் விரல் கிழிந்தது தப்பு. அதற்கு நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.”

ராயக்கோட்டை மண்டிக் கொட்டகையில், தோளில் துண்டோடு ஒரு மனுஷன் சொன்ன அதே வார்த்தை. அந்தக் கதையைக் கேட்டிராத ஒரு பெண், வேறு மொழியில், வேறு கண்டத்தில் சொல்கிறாள். அது எந்த வழியாக வந்து சேர்ந்ததோ. நடுவில் இருக்கும் என்னைத் தொடாமல் வந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து வரப்போவது தீர்ப்புதான், பயிற்சி போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். நான் அதுவரை பார்த்த அதிகாரம் எல்லாம், முதலில் குனிய வைத்துவிட்டுப் பிறகுதான் மற்றதைப் பேசும்.

“சட்டம் சரி என்று நீ சொல்ல வேண்டாம்” என்றார் நீதிபதி. “அதை மாற்று என்று கேட்க உனக்கு உரிமை உண்டு, கேள். மாறும்வரை அந்தச் சுவரில் ஏறாதே. இன்னொருவர் விரலுக்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் நாம் இங்கே பேச வேண்டும்.”

அவ்வளவுதான். மீந்த உணவைத் தேவைப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கோடை விடுமுறைவரை சனிக்கிழமைதோறும் வேலை. அந்த ஊழியரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். செய்து முடித்தால் வழக்கு முடியும், பயிற்சிக்குப் பாதகம் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்டனை கொடுக்கிற ஒருத்தர், தண்டனை வாங்குகிறவளின் மனசுக்குள் கையை விட்டுத் துழாவாமல், வாசலிலேயே நின்று பேசியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் பிரமிப்பு தீரவில்லை.

மீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சூப்பா அப்பா? ரசத்தப் போய் சூப்புன்னு சொல்லிட்டியே” என்றாள். அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய குற்றமாம்.

5

சனிக்கிழமைகள் முடிந்தன. வழக்கு முடிந்தது என்று கடிதமும் வந்தது. சரளா தெலுங்கிலேயே சந்தோஷப்பட்டாள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. டீ குடிக்கவில்லையே.

மீரா அந்த ஊழியரை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். தனுட்டா என்று பெயர், போலந்துக்காரர். கல்லாவில் கூட்டம், அவர் “சரி, சரி, போ” என்று சொல்லியிருக்கிறார். இதை மண்டி ஏற்றுக்கொள்ளுமா? நான் மீராவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவமானத்தில் நாலு மாதமாக மூன்று நிறுத்தம் தள்ளி வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். தனுட்டாவின் இடைவேளை வரைக்கும் காத்திருந்து, விஷயத்தை விளக்கினேன். என் ஜெர்மனும் உடைசல், அவருடைய ஜெர்மனும் உடைசல். உடைந்தவை இரண்டும் நன்றாகப் பொருந்திக்கொண்டன. மீரா மட்டும் வெட்கத்தில் ரொட்டி அலமாரியைப் பார்த்து நின்றாள்.

தனுட்டா முழுக்கக் கேட்டார். பிறகு இடுப்பில் கை வைத்தார்.

“என் விரலையும் கிழிப்பீங்க. டீயும் நானே வாங்கணுமா?”

“ஆமாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்.”

“என்ன ஊர் அது?” என்று தலையை ஆட்டிவிட்டு, வாசலில் இருக்கும் ரொட்டிக் கவுண்டருக்குப் போய் மூன்று காகிதக் கோப்பைகளில் டீ வாங்கி வந்தார். வெந்நீரில் நூல் கட்டிய பொட்டலம். ராயக்கோட்டையில் இதை டீ என்று கொடுத்தால் இன்னொரு வழக்கு வரும். குடித்தோம்.

தனுட்டா விரலை மீராவுக்குக் காட்டினார். தழும்பு வெள்ளைக் கோடாக இருந்தது. மீரா தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள். தினமும் சாயங்காலம் தக்காளியைத் தொட்டியில் கொட்டுவது தனுட்டாதானாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அழுததாகவும், அப்புறம் பழகிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டுக் காலிக் கோப்பையை நசுக்கி, எந்தத் தொட்டியில் போட வேண்டுமோ அந்தத் தொட்டியில் சரியாகப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

6

அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இப்போதும் தக்காளிதான் போடுகிறார். விலை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கும்போது தக்காளி இல்லை, தக்காளி இருக்கும்போது விலை இல்லை என்பார். கதை முழுவதையும், கோர்ட்டில் நான் பேசிய பேச்சு உட்பட, சொன்னேன். முடித்ததும் சித்தப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

“டீ குடிச்சாச்சா?”

“குடிச்சாச்சு சித்தப்பா.”

“அப்ப என்னாத்துக்குடா இன்னும் பேசிகினு இருக்கற, சீனு? ஃபோன பொண்ணுகிட்டக் குடு.”

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அவளுடைய தமிழ் அவருக்குப் பாதி புரியாது, அவருடைய தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. பெட்டியை எப்படித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது என்று அவர் எழுந்து நின்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமை அப்படியே தூக்கிப் பார்க்கிறேன் என்றாள் அவள். தண்டனை முடிந்த பிறகும் அவள் அங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இதை எழுதுகிறேன் என்று மீராவிடம் சொன்னேன். டீ குடித்த பிறகு பேச்சை எடுப்பவன்தான் குற்றவாளி என்று சித்தப்பா அவளுக்கு மண்டிச் சட்டத்தை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். “அப்ப இப்ப தப்பு பண்றது நீ. அடிபட்டது நான். தண்டனை நான்தான் சொல்லணும்” என்றாள். எழுதியது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதை அவளும் கேட்கவில்லை.

ஆக, சனிக்கிழமைதோறும் காலையில் மீந்த உணவு கொடுக்கும் அந்த இடத்தில் பெட்டி தூக்குகிறேன். தக்காளிப் பெட்டிகள். எல்லாம் பழுத்தவை, பிசைந்தால் கையோடு வரும். சித்தப்பா காட்டிய மாதிரி முட்டியை மடக்கித்தான் தூக்குகிறேன், இருந்தும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மீரா பக்கத்தில் நின்று, அலுங்காமல் இறக்கு என்கிறாள். எதுவரைக்கும் என்று கேட்டுப் பார்த்தேன், பார்க்கலாம் என்றாள். இன்னும் டீ வரவில்லை.